இரண்டாவது நுரையீரல் யாருக்கு?

மாற்றிப் பொருத்திய நுரையீரலும் கெட்டுப்போனால் இன்னொன்று கொடுக்கலாமா? கொடுக்கலாம் என்கின்றன அமெரிக்க மருத்துவமனைகள். அங்கே நடக்கும் நுரையீரல் மாற்று அறுவைகளில் நூற்றுக்கு நான்கைந்து இந்த வகை. முதல்முறை பெறுவோரில் பாதிப்பேர் ஆறாண்டைக் கடக்கிறார்கள். மறுமுறை பெறுவோரில் பாதிப்பேர் மூன்றாண்டைத் தொடுவதே பெரும்பாடு. கொடையுறுப்போ அரிது. ‘அப்படியானால் இளையவருக்கே கொடுங்கள்’ என்ற வாதம் இங்கேதான் கிளம்புகிறது.

வயதைக் கேட்குமுன் கேட்க வேண்டியது வேறு: முதல் உறுப்பு எப்போது, எதனால் கெட்டது? பொருத்திய சில நாட்களிலேயே அது செயலிழந்து, ரத்தத்துக்கு வெளியிலிருந்து ஆக்சிஜன் ஏற்றும் எக்மோ கருவியில் கிடப்பவருக்கு அவசரமாக இன்னொன்று வைத்தால் பலன் மிக மோசம். ஓராண்டுக்கு மேல் நன்றாக இயங்கி, பிறகு நாட்பட்ட நிராகரிப்பால் சிறு மூச்சுக்குழல்கள் அடைபட்டவர் ஓரளவு நன்றாகவே தேறுகிறார். அதே நிராகரிப்பு நுரையீரலைத் தழும்பாக்கி இறுக்கியிருந்தால் நிலைமை மோசம். இதய, நுரையீரல் மாற்றுக்கான பன்னாட்டுச் சங்கத்தின் 2021 பரிந்துரையும் ஏறக்குறைய இப்படித்தான் தரம்பிரிக்கிறது. எழுபதைத் தாண்டிய வயதை அதிக ஆபத்துப் பட்டியலில் வைத்தாலும் கதவைச் சாத்திவிடவில்லை.

வயதுக்குப் பங்கே இல்லை என்று சொல்லவரவில்லை. மறு அறுவையில் பழைய நுரையீரல் நெஞ்சுக்கூட்டின் உட்சுவரோடு ஒட்டிக்கிடக்கும். அதைப் பிரித்தெடுக்க நேரம் பிடிக்கும். பிரிக்கப் பிரிக்க ரத்தம் கசியும். நிராகரிப்பைத் தடுக்க ஆண்டுக்கணக்கில் விழுங்கிய டாக்ரோலிமஸ் மாத்திரை சிறுநீரகத்தை அதற்குள் அரித்திருக்கும். அறுபத்தைந்து வயது உடலுக்கு இது பெரிய அடி. ஆனால் முதிய உடலின் எதிர்ப்பாற்றல் தளர்ந்திருப்பதால் நிராகரிப்பு குறைவு. பதிலுக்குத் தொற்றும் புற்றும் அதிகம். இளையவருக்கோ நிராகரிப்பே எதிரி. பதின்பருவத்தினர் மாத்திரையைத் தவறவிடுவதும் சேர்ந்துகொள்ளும்.

ஆகவே முதியவர், இளையவர் இரு தரப்பின் ஆயுளும் ஒப்பிடும்போது நெருங்கிவந்தால் நான் உடனே மகிழமாட்டேன். மறுமாற்று பெறும் முதியவர்கள் சல்லடை போட்டுச் சலித்தவர்கள். இளையவர்களுக்குச் சலுகை தாராளம். நாம் பார்ப்பது வயதின் விளைவை மட்டுமல்ல, தேர்வுக்குழுவின் கைவண்ணத்தையும்தான்.

அவசர மறுமாற்றும் சிலசமயம் பலிக்கும். 2013-ல் பிலடெல்பியாவில் பத்து வயதுச் சிறுமி ஒருத்திக்கு, நீதிமன்றம்வரை போன வழக்குக்குப் பின் நுரையீரல் கிடைத்தது. அது உடனே செயலிழக்க, மூன்றே நாளில் நிமோனியா கண்ட இன்னொரு ஜோடியைப் பொருத்தினார்கள். பிழைத்து வளர்ந்தாள். மகிழ்ச்சிதான், ஆனாலும் ஒரு வெற்றியைக் காட்டி விதி எழுத முடியாது.

அமெரிக்காவின் உறுப்புப் பங்கீட்டு முறையும் நெடுநாள் குறுகிய பார்வையோடே இருந்தது. 2005-ல் வந்த மதிப்பெண் முறை, அறுவைக்குப் பின் ஓராண்டு ஆயுளை மட்டும் கணக்கிட்டது. காத்திருக்கும்போதே உயிர் போகக்கூடிய அவசரத்துக்கு அதைப்போல இரு மடங்கு எடை. அதன் பிறகு மறுமாற்றுகள் பெருகின. 2023 மார்ச்சில் வந்த புதிய முறை ஐந்தாண்டு ஆயுளைப் பார்க்கிறது, இரண்டுக்கும் சம எடை தருகிறது. பதினெட்டுக்குக் கீழுள்ளோருக்குத் தனி மதிப்பெண்ணும் உண்டு. வயதுச் சலுகையை ஒளிக்காமல் எழுதிவைத்தது நல்லது.

ஆனால் மதிப்பெண், பட்டியலில் ஏறியவர்களைத்தான் வரிசைப்படுத்தும். ஏற்றுவதா வேண்டாமா என்பதை அந்தந்த மருத்துவமனை முடிவுசெய்கிறது. அதன் வெற்றி விகிதம் பொதுவெளியில் வெளியாவதால் துணிச்சலும் குறைகிறது. சிறுநீரகம் நன்றாயிருந்து, மூச்சுக்குழல் மட்டும் அடைபட்ட அறுபத்தெட்டு வயதுக்காரரை ஓரிடத்தில் ஏற்று, மற்றோரிடத்தில் திருப்பி அனுப்பலாம். திருப்பி அனுப்பியவரின் ஆயுள் எந்த ஒப்பீட்டிலும் சேர்வதில்லை.