கசிவுக்கு அஞ்சும் ஒலிப்பதிவு

டிரம்ஸ், கிடார் ஆம்ப், பேஸ் எல்லாவற்றையும் ஒரே அறையில் வைத்து ஒரே நேரத்தில் பதிவது வீண் வேலை என்ற வாதம் சில ஆண்டுகளாக மும்பையில் உரக்கக் கேட்கிறது. ஒவ்வொருவரும் தனியாக வாசித்து அனுப்பட்டும். ஆம்புக்குப் பதில் கணினியில் ஒரு சிமுலேட்டர் போதும். டிரம்ஸ் அடி சரியில்லையா, வேறொரு நல்ல அடியை அந்த இடத்தில் பொருத்திக்கொள்ளலாம். கேட்பவர் கைப்பேசியில்தானே கேட்கப்போகிறார் என்கிறார்கள். இப்படிச் செய்த பாட்டுக்குக் காணொளி எடுக்கும்போது மட்டும் குழுவினர் அனைவரும் வட்டமாக நிற்கிறார்கள். பாகிஸ்தானில் 2008இல் தொடங்கி, 2011இல் இந்தியாவுக்கு வந்த கோக் ஸ்டூடியோ நிகழ்ச்சி அந்தக் காட்சியை எல்லோருக்கும் பிடித்தமானதாக்கிவிட்டது. மேலே ‘லைவ் செஷன்’ என்று தலைப்பும் போட்டுவிடுகிறார்கள்.

இந்த முறையின் வசதியை நான் மறுக்கவில்லை. நான் இருப்பது நவி மும்பை ஐரோலியில். இங்கே ஒரு சாதாரண ஃப்ளாட்டில் டிரம்ஸில் இரண்டு அடி அடித்தால் மூன்றாவது அடிக்குள் சொசைட்டி செயலாளர் வாசலில் நிற்பார். என் நண்பர்கள் குழுவில் கிடார் வாசிப்பவர் செம்பூரில், டிரம்மர் தாராவியில், பேஸ் வாசிப்பவர் மைண்ட்ஸ்பேஸ் ஐடி பார்க்கில் இரவு ஷிப்டில். மூவரும் ஒரே நாளில் கூடுவதே பெரிய காரியம். தனித்தனியாகப் பதிந்தால் செலவு குறையும், தவறிய இடத்தை மட்டும் திரும்ப வாசிக்கலாம். இதெல்லாம் உண்மை.

ஆனால் இந்த முறையைக் காப்பாற்றப் பேசுகிறவர்கள் வசதியோடு நிற்பதில்லை. ஒரே அறையில் பதிந்தால் ‘ப்ளீட்’ வரும், அதாவது ஒரு வாத்தியத்தின் ஒலி இன்னொன்றின் மைக்கில் கசியும், அதனால் ஒலி கெட்டுப்போகும் என்கிறார்கள். என் சண்டை இந்த ஒரு வார்த்தையோடுதான்.

கசிவால் என்ன நடக்கிறது? ஸ்நேர் டிரம்மிலிருந்து 3 மீட்டர் தள்ளி ஆம்பின் முன்னால் ஒரு மைக் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மும்பை வெக்கையில் ஸ்நேரின் அடி அங்கே போய்ச் சேர ஏறக்குறைய 9 மில்லிசெகண்ட் ஆகும். பக்கத்து மைக்கில் ஒருமுறை, தூரத்து மைக்கில் தாமதமாக இன்னொருமுறை என்று ஒரே அடி இரண்டு தடங்களில் பதிகிறது. இரண்டையும் கலக்கும்போது சில அதிர்வெண்களில் இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். ஸ்நேர் மெலிந்து, டப்பாவைத் தட்டியதுபோல் கேட்கும். பயத்துக்குக் காரணம் இவ்வளவுதான். மைக்கை வைக்கத் தெரிந்தவருக்கு இது தீர்க்கக்கூடிய சிக்கல். மைக்குக்கும் அதன் வாத்தியத்துக்கும் இடையே ஒரு சாண் என்றால் அடுத்த மைக் குறைந்தது மூன்று சாண் தள்ளி இருக்க வேண்டும். டிரம்ஸுக்கு மேலே வைக்கும் இரண்டு மைக்கையும் ஒரு நூலைப் பிடித்து ஸ்நேரிலிருந்து சம தூரத்தில் நிறுத்த வேண்டும். ஆம்பின் மைக்குக்குப் பின்புறம் காது மந்தம். அந்தப் பின்புறத்தை டிரம்ஸ் பக்கம் திருப்பினால் பாதிக் கசிவு தீர்ந்தது. மீதிக்கு நடுவில் ஒரு மெத்தை போதும். ஒரு நூல், ஒரு மெத்தை, அரைநாள் பொறுமை.

இதைச் செய்தபிறகும் மிஞ்சும் கசிவு அழுக்கு இல்லை, அந்த அறையின் குரல். 1968இல் லண்டன் ஒலிம்பிக் ஸ்டூடியோவில் லெட் செப்லின் தங்கள் முதல் ஆல்பத்தைப் பதிந்தபோது பாடகர் ராபர்ட் பிளாண்டின் குரல் மற்ற வாத்தியங்களின் தடங்களில் கசிந்தது. அதை அழிக்கவில்லை, வேண்டுமென்றே வைத்ததுபோல் அது பொருந்திப்போனது. அந்தப் பதிவில் ஒலிப்பதிவாளர் கிளின் ஜான்ஸ் டிரம்ஸுக்கு வைத்த மைக்குகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். 1963 பிப்ரவரி 11 அன்று பீட்டில்ஸ் ஒரே நாளில் பத்துப் பாடல்களைப் பதிந்தது இரண்டே தடங்களில். தூரத்துக்கு ஏன் போக வேண்டும்? மாட்டுங்கா சண்முகானந்தா மண்டபத்துக் கச்சேரிகளை எண்ணிப் பாருங்கள். மிருதங்கத்தின் தொப்பி வயலின் மைக்கில் விழாத கச்சேரி உண்டா? அதை யாராவது கெட்டுப்போன பதிவு என்றார்களா?

கசிவுக்குப் பயந்து வாத்தியங்களைப் பிரித்ததும் அடுத்த கேடு தானாக வருகிறது. ஒருவரை ஒருவர் பார்க்காமல் வாசிப்பவர்களை இணைக்க ஒரு கிளிக் ட்ராக் தேவை. காதில் டிக் டிக் ஓடத் தொடங்கியதும் டிரம்மர் கிடாரைக் கேட்பதை விட்டு இயந்திரத்தைக் கேட்கிறார். பழைய சினிமாப் பதிவுகளிலும் டிரம்ஸுக்குத் தனியறை இருந்ததே என்பார்கள். இருந்தது. கண்ணாடிக்கு அப்பால் கண்டக்டரின் கையும் தெரிந்தது. எல்லோரும் ஒரே நேரத்தில் வாசித்தார்கள். மனிதர்கள் சேர்ந்து வாசித்தால் பல்லவிக்கு வரும்போது இம்மியளவு வேகம் கூடும், பாடகர் மூச்செடுக்கும் இடத்தில் கொஞ்சம் தளரும். காலப்பிரமாணம் கெடாமலே இதெல்லாம் நடக்கும். தாராவியில் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருப்பவர்கூட இழை போகும் திசையைப் பார்த்துத்தான் துணியை வெட்டுவார். கிளிக்குக்கு வாசித்து, பிறகு ஒவ்வோர் அடியையும் கட்டத்துக்குள் இழுத்து வைப்பவர்களுக்கு அந்த இழையே கண்ணில் படுவதில்லை.

அந்த நண்பர்களின் குழு நவி மும்பையில் ஒரு ஸ்டூடியோவில் நான்கு பாடல்களை இப்படித் தனித்தனியாகத்தான் பதிந்தது. முடிந்த பாட்டைக் கேட்ட டிரம்மர், “அண்ணா, இது என் கையே இல்லையே” என்றார். அவர் ஸ்நேருக்குப் பதில் யாரோ எங்கோ அடித்த ஸ்நேர் அதில் இருந்தது. அவருக்குச் சொல்லவும் இல்லை. பின்னால் அதே பாடல்களை ரபாலே எம்ஐடிசி தொழிற்பேட்டையில் தெரிந்தவரின் காலி ஷெட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எட்டு மைக்கோடு பதிந்தார்கள். தகரக் கூரை எதிரொலித்தது, கிடாருக்குள் சிம்பல் கேட்டது. மூன்றாவது டேக்கில் டிரம்மர் ஓரிடத்தில் அடியை ஒரு கணம் நிறுத்திப் பிடிக்க, கிடாரும் அவரோடு நின்றது. இருவரும் சேர்ந்தே இறங்கினார்கள். தனித்தனியாகப் பதிந்திருந்தால் அந்தக் கணம் பிறந்தே இருக்காது.

நம் நாட்டில் இதற்கு முன்னுதாரணம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. இந்தியன் ஓஷன் குழுவின் ‘டெஸர்ட் ரெயின்’, 1997 ஜனவரி 1 அன்று டெல்லியில் நாடகக் கலைஞர் சப்தர் ஹாஷ்மி நினைவாக சஹ்மத் அமைப்பு நடத்திய நிகழ்ச்சியில் வாசித்தபடியே பதிந்த ஆல்பம். டிரம்ஸ், தபலா, கிடார், பேஸ் எல்லாம் ஒரே மேடையில். அதைக் கேட்டு வளர்ந்த தலைமுறைதான் இன்று கசிவு என்றதும் முகம் சுளிக்கிறது.

வசதிக்காகத் தனியாகப் பதிபவர்கள் அப்படியே பதியட்டும். குழு வைத்திருப்பவர்களிடம் இரண்டு கேட்கிறேன். ஒரு பாட்டையாவது ஹெட்போனைக் கழற்றி, ஒரே அறையில், கிளிக் இல்லாமல், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து வாசித்துப் பதியுங்கள். தனித்தனியாகப் பதிந்ததன் மேல் ‘லைவ்’ என்று எழுதாதீர்கள்.