செயப்பாட்டு வினையில் ஒரு கொலை

சாலையோரம் நட்டுவைத்திருக்கும் நினைவுப் பலகையை நான் ஓர் இலக்கியப் பிரதியாகத்தான் வாசிக்கிறேன். கதையை விமர்சிக்கிறோம், கவிதையைப் பிரித்து மேய்கிறோம், பலகையை மட்டும் விட்டுவிடுகிறோம். நாவல் படிக்காதவன் கண்ணிலும் படுவது பலகைதான். மிஞ்சிப்போனால் பத்து வரி இருக்கும். அதில் யார் எழுவாய், யார் செயப்படுபொருள் என்று பார்த்தாலே அந்த ஊரில் அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

அமெரிக்காவின் மிஸிஸிப்பி மாநிலத்துப் பலகை ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். கறுப்பர்களின் கதை நமக்கு அந்நியம் இல்லை. 1972இல் பம்பாயில் தொடங்கிய ‘தலித் பேந்தர்’ தன் பெயரையே அவர்களிடமிருந்துதான் எடுத்துக்கொண்டது.

எம்மெட் டில் சிகாகோவைச் சேர்ந்த 14 வயதுப் பையன். 1955 ஆகஸ்டில் மிஸிஸிப்பிக்குச் சொந்தக்காரர் வீட்டுக்கு வந்தான். மணி என்கிற சிற்றூரில், கடைக்கார வெள்ளைக்காரியிடம் முறைகெட்டு நடந்தான் என்று பழி விழுந்தது. ஆகஸ்ட் 28 அன்று, விடிவதற்கு முன்பே, படுத்திருந்தவனைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அடித்தார்கள், சுட்டார்கள். பஞ்சு ஜின்னிங் மெஷினின் இரும்பு விசிறியை முள்கம்பியால் கழுத்தில் கட்டி டல்லஹாச்சி ஆற்றில் போட்டார்கள். உருக்குலைந்த பிள்ளையின் சவப்பெட்டியை மூடக்கூடாது, சனம் பார்க்கட்டும் என்று தாய் மேமி டில் உறுதியாக நின்றார். செய்தவர்கள் ராய் பிரையண்ட், ஜே. டபிள்யூ. மைலம். சம்னர் ஊர் நீதிமன்றத்தில் வெள்ளையர் மட்டுமே இருந்த ஜூரி 67 நிமிடத்தில் இரண்டு பேரையும் விடுதலை செய்தது. 1956 ஜனவரியில் ‘லுக்’ பத்திரிகையில் காசு வாங்கிக்கொண்டு, ‘ஆமாம், நாங்கள்தான் கொன்றோம்’ என்று சொன்னார்கள். விடுதலையானவர்கள் மேல் அதே கொலைக்காக மறுபடி வழக்குப் போட முடியாது. அந்தத் தைரியம்தான்.

அந்த நீதிமன்ற வாசலில் 1913இல் நிறுவிய சிலை ஒன்று உண்டு. அடிமைமுறையைக் காப்பாற்றச் சண்டைபோட்ட தென்மாநிலப் படைவீரனின் சிலை. வழக்கு நடந்தபோதும் அவன்தான் காவல் நின்றான். கொன்று போட்ட பையனுக்கு மிஸிஸிப்பியில் ஒரு பலகை வைக்கக் கிட்டத்தட்ட ஐம்பது வருஷம் பிடித்தது.

2008இல் ஆற்றங்கரையில் ஒரு பலகை வைத்தார்கள். அந்த வருஷமே பிடுங்கி ஆற்றில் எறிந்துவிட்டார்கள். பிள்ளையை எறிந்த அதே ஆறு! இரண்டாவது பலகையில் 317 குண்டு ஓட்டைகள். 2018இல் வைத்த மூன்றாவது பலகை 35 நாள்கூடத் தாங்கவில்லை. துளைபட்ட பலகைக்குப் பக்கத்தில் துப்பாக்கியோடு நின்று வெள்ளை மாணவர்கள் எடுத்துக்கொண்ட போட்டோ 2019இல் வெளியானது.

பழைய பலகை சொன்னது என்ன? எம்மெட் டில்லின் உடல் இந்த இடத்தில் ஆற்றிலிருந்து எடுக்கப்பட்டது. ‘எடுக்கப்பட்டது’ சரி, போட்டது யார்? செயப்பாட்டு வினை என்பது இலக்கணம் மட்டும் இல்லை, ஒளிந்துகொள்ள ஓர் இடம். நம்மூர்ச் செய்திகளும் இப்படித்தான் பேசுகின்றன: ‘குடிசைகள் எரிந்தன’, ‘இரு பிரிவினர் மோதல்’. குடிசை தானாகவா எரியும்? கொளுத்தினவனுக்கு ஊர் இல்லையா, பேர் இல்லையா, சாதி இல்லையா?

பலகை மறைத்த எழுவாயை அந்தக் குண்டுகளே எழுதிவிட்டன என்பது என் வாசிப்பு. எல்லாம் பழங்கதை, இப்போது யார் இதையெல்லாம் பார்க்கிறார்கள் என்கிறவர்களுக்கு 317 ஓட்டைகள் பதில் சொல்கின்றன. துளைபட்ட அந்தப் பலகையை 2021இல் வாஷிங்டனில் உள்ள அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகம் காட்சிக்கு வைத்தது. சரியான காரியம். 2019 அக்டோபரில் ஆற்றங்கரையில் நட்ட நான்காவது பலகை குண்டு துளைக்காத உருக்கால் ஆனது. முன்னிருந்த பலகைகள் திருடுபோனதையும் சுடப்பட்டதையும் அதுவே சொல்கிறது. தன் காயத்தைத் தானே எழுதிக்கொள்ளும் பலகையை சாட்சியம் என்று தயங்காமல் சொல்வேன்.

இங்கே எப்படி? தமிழ்நாட்டில் எத்தனை ஊரில் அம்பேத்கர் சிலை கம்பிக்கூண்டுக்குள் நிக்குது! உடைக்கிறவன் வெளியே உலாத்துறான், சட்டம் எழுதினவர் உள்ளே. எதற்கு இந்தக் கூண்டு என்று பக்கத்தில் ஒரு வரி உண்டா? அது இல்லாததால் கூண்டு ‘பாதுகாப்பு’ ஆகிவிடுகிறது, குற்றம் காணாமல் போகிறது.

வெண்மணியையும் இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். 1968 டிசம்பர் 25, 44 உயிர்கள். கூலி நெல் கூட்டிக் கேட்ட விவசாயக் கூலிகளின் சேரியில், ஒரே குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்கள். பெண்களும் குழந்தைகளுமே அதிகம், அத்தனை பேரும் தலித்துகள். கார் வைத்திருக்கிற மிராசுதார்கள் தாங்களே நடந்துபோய் நெருப்பு வைத்திருப்பார்கள் என்பதை நம்ப முடியவில்லை என்று 1973இல் சென்னை உயர்நீதிமன்றம் எல்லோரையும் விடுதலை செய்தது. சம்னரில் 67 நிமிடம், இங்கே சில வருஷம். வேறென்ன வித்தியாசம்? செங்கொடித் தோழர்கள்தான் அங்கே நினைவுச் சின்னம் எழுப்பினார்கள், வருஷம் தவறாமல் கூடுகிறார்கள். இதை மறுக்கிறவன் நன்றி கெட்டவன். ஆனால் ‘தியாகிகள்’ என்ற சொல்லோடு எனக்குச் சண்டை இருக்கிறது. தியாகம் என்றால் தானாகக் கொடுப்பது. கூலி கேட்டுப் போராடியது அவர்களின் வீரம், அது வேறு. உயிரை அவர்கள் கொடுக்கவில்லை, அது பிடுங்கப்பட்டது. பாருங்கள், எனக்கும் செயப்பாட்டு வினைதான் வருகிறது! திருத்திக்கொள்கிறேன்: நிலக்கிழார்களும் அவர்களின் அடியாட்களும் பிடுங்கினார்கள்.

செத்தவர்கள் பெயரைக் கல்லில் வெட்டுவது பாதி வேலைதான். கொன்றவன் யார், அவனை விட்டது எந்த நீதிமன்றம், எத்தனை முறை இந்தக் கல்லின்மேல் கை வைத்தார்கள் என்பதையும் அதே கல்லில் வெட்ட வேண்டும். எழுதுகிற தோழர்களே, உங்கள் ஊர்ப் பலகைக்கு முன்னால் நின்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த வாக்கியத்தில் எழுவாய் எங்கே?