இரண்டாவது பேட்டரி

சின்னப் படகில் எனக்குப் பிடித்த பொருள் எஞ்சினோ ஜிபிஎஸ்ஸோ அல்ல. கையகலச் சிவப்புத் திருகு சுவிட்ச்தான். 1, 2, இரண்டும், ஆஃப் என்று நாலே நிலை. ஒரு பேட்டரி எஞ்சினைக் கிளப்ப மட்டும்; மற்றது விளக்கு, மீன் காட்டும் கருவி, வயர்லெஸ் எல்லாவற்றுக்கும். ராத்திரி முழுக்க லைட் எரிந்தாலும் காலையில் எஞ்சின் கிளம்பிவிடும்.

கிளப்பும் பேட்டரிக்குள் மெல்லிய தகடுகள் நிறைய. ஒரே மூச்சில் கரண்டைக் கொட்டும். மற்றதில் தடித்த தகடுகள். நிதானமாகத் தரும், நன்றாக இறங்கினாலும் மறுபடி ஏறும்.

இதிலும் அழகு, தானியங்கி ரிலே. எஞ்சின் ஓடி, மின்னழுத்தம் 13.3 வோல்ட் வாக்கில் ஏறியதும் ‘டக்’கென்று இரண்டையும் சேர்க்கும், 12.8 பக்கம் இறங்கினால் பிரித்துவிடும். மனிதரின் மறதியை இவ்வளவு மரியாதையாகக் கையாளும் கருவியை நான் பார்த்ததில்லை. (எஞ்சின் ஓடும்போது சுவிட்சை ஆஃபில் திருப்பினால் ஆல்டர்னேட்டரின் டயோடு போகலாம், அந்தப் புத்தி நமக்குத்தான் வேண்டும்.)

படகுக்கு அடியில் சேரும் தண்ணீரை இறைக்கும் பம்ப் மட்டும் சுவிட்சுக்குக் கட்டுப்படாது. ஃபியூஸ் வைத்து, பேட்டரியிலிருந்தே நேராக வயர் இழுத்திருப்பார்கள். ஆளில்லாமல் கட்டிக் கிடக்கும் படகிலும் மழைத்தண்ணீர் ஏறும் அல்லவா!