கன்றுக்குச் சொன்னது

முல்லைப்பாட்டில் ஒரு கன்றுக்குட்டி இருக்கிறது. பத்துப்பாட்டில் மிகச் சிறிய பாட்டு இது, 103 அடி. தமிழ் எம்.ஏ. படித்த எல்லோரும் பரீட்சைக்காக ஒருமுறை இதைக் கடந்து வந்திருப்பார்கள். கடந்தபோது கன்றையும் சேர்த்துக் கடந்துவிட்டார்கள் என்பது என் சந்தேகம்.

அரசன் போர்மேல் போயிருக்கிறான். மழைக்காலத்து மாலை. வீட்டு முதுபெண்டிர் நாழி நெல்லும் முல்லைப்பூவும் கொண்டுபோய் ஊர்ப்புறத்தில் தூவி விரிச்சி கேட்க நிற்கிறார்கள். யாரோ யாருக்கோ தற்செயலாகச் சொன்ன சொல்லைத் தனக்கான சகுனமாக எடுத்துக்கொள்வதுதான் விரிச்சி. அவர்கள் காதில் விழுவது ஓர் இடைப்பெண்ணின் குரல். சிறு கயிற்றில் கட்டிய கன்று தாயைக் காணாமல் தவித்துச் சுற்றுகிறது. குளிரில் தோளைக் கட்டிக்கொண்டு நிற்கும் அந்தப் பெண், உன் தாய்மார் இப்போதே வந்துவிடுவார்கள், இடையர்கள் பின்னால் நின்று ஓட்டிவருகிறார்கள் என்று அதற்கு ஆறுதல் சொல்கிறாள். முதுபெண்டிருக்கு இது போதும். நல்ல சொல் கேட்டோம் என்று அரசியிடம் திரும்பிவிடுகிறார்கள். பாட்டு அரசியின் கண்ணீருக்குப் போகிறது, அங்கிருந்து பாசறைக்குப் போகிறது. கன்று அதே கயிற்றில் நிற்கிறது.

இந்தப் பாட்டின் மேல் பெரிய உரைச்சண்டை உண்டு. நச்சினார்க்கினியர் அடிகளை இடம் மாற்றிக் கூட்டிப் பொருள் சொன்னார். மறைமலையடிகள் தம் ஆராய்ச்சியுரையில் அதைக் கடுமையாக மறுத்தார். சண்டை அடிகளின் வரிசை பற்றியது. நான் கேட்பது வேறு. போருக்குப் போனவன் வீட்டில் குழந்தை கிடையாதா?

முல்லையின் உரிப்பொருள் இருத்தல் என்கிறோம். காத்திருப்பது என்ற அனுபவத்தையே ஒரு திணையாக்கிய மரபு நம்முடையது, சந்தேகமில்லை. ஆனால் அந்த இருத்தல் முழுவதும் மனைவியின் பேரில் எழுதிவைக்கப்பட்டிருக்கிறது. பாசறையில் தூக்கம் வராத அரசன் வெட்டுப்பட்ட யானைகளை நினைக்கிறான், செத்த வீரர்களை நினைக்கிறான், அம்பு தைத்த குதிரை காதைச் சாய்த்துத் தீனி தின்னாமல் நிற்பதுகூட அவன் நினைவுக்கு வருகிறது. இத்தனை நுட்பமான மனசில் ஒரு பிள்ளையின் முகம் வரவில்லை. புலவனுக்குத் தெரியாமல் இல்லை என்றுதான் நினைக்கிறேன். பெற்றவர் எப்போது வருவார் என்று தவிக்கும் குட்டியை அவன் பார்த்திருக்கிறான். பார்த்ததை ஒரு மாட்டின் கன்றாக மாற்றிப் பாட்டின் வாசலிலேயே கட்டிவைத்துவிட்டான். அகமரபு அதற்குமேல் உள்ளே விடாது.

ஐங்குறுநூற்றில் பேயனார் பாடிய முல்லையில் (401) பிள்ளை வருகிறான். பெண்மானுக்கும் ஆண்மானுக்கும் நடுவே குட்டி கிடப்பதுபோலத் தாய் தகப்பனுக்கு நடுவே கிடக்கிறான். ஆனால் தகப்பன் கூட இருக்கும்போதுதான் அந்தக் காட்சி. இங்கும் குட்டி ஒரு மிருகத்தின் உவமையோடுதான் வருகிறது என்பதையும் கவனிக்கலாம். புறத்திலோ நேர் எதிர். ஒக்கூர் மாசாத்தியார் பாட்டில் (279) நேற்றைய போரில் கணவனை இழந்தவள் இன்று பறை கேட்டதும் ஒரே மகனுக்கு எண்ணெய் தடவித் தலைவாரி, வேலைக் கையில் கொடுத்து அனுப்புகிறாள். ஆக, பிள்ளை ஒன்று படுக்கையில் இருக்கும், அல்லது களத்துக்குப் போகும். திண்ணையில் உட்கார்ந்து வழிபார்க்கும் பிள்ளை நான் தேடியவரை இல்லை.

ஹோமர் இதில் வேறு மாதிரி. இலியத்தின் ஆறாம் பகுதியில் ஹெக்டர் கைநீட்டும்போது, தலைக்கவசத்தின் குதிரைமயிர்க் குஞ்சத்தைப் பார்த்துக் குழந்தை மிரண்டு அழுகிறது. தகப்பன் சிரித்துக் கவசத்தைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டுத் தூக்கிக்கொள்கிறான். ஒடிசியின் முதல் நான்கு பகுதிகள் தகப்பனைப் பார்க்காமல் வளர்ந்த மகனுக்கே உரியவை. ஆங்கிலம் படித்தவன் உடனே ஹோமரைக் கொண்டுவந்து தமிழை மட்டம் தட்டுகிறான் என்று யாரும் எழுத வேண்டாம். புறம் 100ஐ எடுத்துப் பாருங்கள். போர்க்கோலத்தோடு வந்து தன் பிறந்த மகனைப் பார்க்கும் அதியமானை அவ்வை பாடுகிறாள். பகைவரைப் பார்த்துச் சிவந்த கண், பிள்ளையைப் பார்த்தும் சிவப்பு மாறவில்லை என்கிறாள். ஹெக்டரின் கவசம் கழன்றுவிடுகிறது. இந்தச் சிவப்பு கழலாது. என் வரையில் அவ்வைதான் உண்மைக்கு அருகில் போயிருக்கிறாள், அவள் இதைப் புகழ்ச்சியாகச் சொல்லியிருந்தபோதிலும். அந்தக் கண்களுக்கு எதிரே கிடந்த குழந்தை எதைப் பார்த்தது என்பதுதான் எழுதப்படாத பாட்டு.

பழைய மரபின் விதி, அதற்கு இப்போது என்ன என்று கேட்கலாம். விதி போகவில்லை. பாசறையில் பெண்ணோடு இருத்தல் இல்லை, கடல்வழிப் போவதும் பெண்ணோடு இல்லை என்கிறது தொல்காப்பியம். இன்றைய ராணுவத்தில் இதற்குப் பெயர் ‘நான்-ஃபேமிலி ஸ்டேஷன்’. சிப்பாய்க்கு எழுதும் கடிதத்தில் நம்பர், ராங்க், பெயர், யூனிட் எல்லாம் வேண்டும். ஊர் மட்டும் கூடாது. 56 ஏ.பி.ஓ. அல்லது 99 ஏ.பி.ஓ., அவ்வளவுதான். அகப்பாட்டில் ஆளின் பெயரைச் சொல்லக்கூடாது, இங்கே இடத்தின் பெயரை. ஐ.நா. கொடியின் கீழ் காங்கோவுக்கும் தெற்கு சூடானுக்கும் போன தகப்பன்மார் செல்போன் திரையில் வந்து பேசினார்கள். முகம் தெரியும், பின்னால் ஒரு சுவர் தெரியும்.

புதுக்கவிதையில் சிப்பாய் வீடு வராமல் இல்லை. வருவது எப்படி என்பதுதான் விஷயம். எங்கள் விருத்தாசலத்துச் செராமிக் பேட்டையில் பொம்மை வார்ப்பதைப் பார்த்திருக்கிறேன். பாரிஸ் சாந்து அச்சில் குழம்பை ஊற்றிக் கொஞ்சநேரம் விட்டு, மிச்சத்தைக் கவிழ்த்துக் கொட்டிவிடுவார்கள். அச்சு நீரை உறிஞ்சிச் சுவரோரம் ஒரு படிவு நிற்கும். அதுதான் பொம்மை, உள்ளே வெறும் கூடு. பத்திரிகைகளுக்கு வரும் ‘எல்லையில் அவன், ஜன்னலில் இவள்’ கவிதைகள் இந்த ரகம். அச்சு முல்லையினுடையது, ஊற்றியது யாருடைய அனுபவமும் அல்ல. ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ (1972) யுத்தத்தை ஸ்தூலமாக எழுதிய நாவல். ஆனால் அங்கேயும் ஊர் என்பது போனவனின் ஞாபகத்தில் இருக்கும் ஊர். ஊரின் ஞாபகத்தில் போனவன் எப்படி இருக்கிறான் என்பது அதன் அக்கறை அல்ல.

எழுத மிகவும் தேவையிருந்த இடத்தில் மௌனம் இன்னும் கனமாக இருந்தது. 1987 ஜூலை 29 ஒப்பந்தத்துக்குப் பிறகு இந்திய அமைதிப்படை இலங்கைக்குப் போயிற்று. 1990 மார்ச் 24 அன்று கடைசிப் பிரிவு வெளியேறியது. ஆயிரத்துக்கு மேல் இந்தியச் சிப்பாய்கள் இறந்தார்கள். 1987 அக்டோபர் 21, 22 தேதிகளில் யாழ்ப்பாண மருத்துவமனையில் நோயாளிகளையும் டாக்டர்களையும் நர்சுகளையும் அந்தப் படை சுட்டுக் கொன்றது. ‘முறிந்த பனை’ அந்தக் காலத்தின் சாட்சியம். படை திரும்பியபோது முதலமைச்சர் கருணாநிதி சென்னையில் வரவேற்கப் போகவில்லை. அவருடைய நியாயம் நியாயம்தான். ஆனால் அந்தக் கப்பலிலிருந்து இறங்கியவர்களில் தமிழ்ச் சிப்பாய்களும் உண்டு, அவர்களுக்கு வீடும் பிள்ளைகளும் உண்டு. முல்லையின் அச்சில் இவர்களை வார்க்க முடியாது. ஏனென்றால் தகப்பன் போன நாட்டில் தன் பாஷை பேசும் இன்னொரு பிள்ளை அவனைப் பார்த்து ஒளிந்துகொண்டது. தேசபக்திக் கவிஞனுக்கும் இந்த வீடு உதவாது, ஈழக் கவிதை எழுதிய நம்மவர்களுக்கும் உதவாது. இருவரும் விட்டுவிட்டார்கள்.

எங்கள் கிளையில் வேலை பார்க்கும் ஓர் அம்மாவுக்கு 1987இல் ஏழு வயது. அப்பா யாழ்ப்பாணத்தில். தெருவில் போராளிகளுக்காக உண்டியல் வந்தபோது சித்தப்பா பணம் போட்டார்; அதே வீட்டு மாடத்தில் ஊர்ப்பெயர் இல்லாத கடிதங்கள் செருகியிருந்தன. பள்ளிக்கூடத்தில் கேட்டால் ‘அப்பா வடக்க இருக்காரு’ என்று சொல்லக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். அப்பா திரும்பி வந்த பிறகு நடந்ததென்று அவர் சொன்னது ஒன்றே ஒன்று: “அப்புறம் எங்க வீட்ல யாரும் சிலோன் ரேடியோ வைக்கல சார்.” இந்த ஒரு வாக்கியத்துக்கு ஈடான வரி எந்தத் தொகுப்பிலும் எனக்குக் கிடைக்கவில்லை.

சிப்பாய் வீட்டுக் கணக்கு பெரும்பாலும் கூட்டுக் கணக்கு. பாஸ்புக்கில் ‘ஈதர் ஆர் சர்வைவர்’ என்று போட்டிருக்கும். இருவரில் ஒருவர், அல்லது உயிரோடு மிஞ்சியவர். நாள்பூராவும் இந்த வார்த்தையைப் பார்க்கிற எனக்குக்கூட ஒரு மிலிட்டரிக்காரர் மனைவி கவுண்ட்டரில் அதற்கு அர்த்தம் கேட்கும்போது நாக்கு தடுக்கும். எங்கள் ஊருக்குப் பணப்பட்டுவாடாவில் பழைய சம்பந்தம் உண்டு. சுந்தரர் திருமுதுகுன்றத்தில் பெற்ற பன்னீராயிரம் பொன்னை மணிமுத்தாற்றில் போட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்ததாகப் பெரியபுராணம். எல்லோரும் அந்த அதிசயத்தைச் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது அடுத்த காரியம். ஆற்றில் போடுமுன் கொஞ்சம் பொன்னை மச்சமாக வெட்டி வைத்துக்கொள்கிறார். குளத்தில் எடுத்ததை அதோடு உரைத்துப் பார்த்தால் மாற்று குறைகிறது. போட்டதும் வந்ததும் ஒன்றல்ல. சேக்கிழாரில் இன்னொரு பதிகம் பாடியதும் மாற்று சரியாகிவிடுகிறது. போருக்குப் போய்த் திரும்பியவனின் மச்சம் பிள்ளைகளிடம்தான் இருக்கிறது. மனைவிக்கு அவனை எத்தனையோ வருஷமாகத் தெரியும், சமாதானம் செய்துகொள்வாள். பிள்ளை கையில் இருப்பது ஏழு வயதில் வெட்டிவைத்த ஒரு துண்டு.

அந்த அம்மாவிடம் ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டின்போது முல்லைப்பாட்டுக் கன்றைப் பற்றிச் சொன்னேன். அவர் தமிழ் இலக்கியம் படித்தவர் இல்லை. கேட்டுக்கொண்டே டப்பாவை மூடினார்.

“அந்த மாடு வந்துச்சா சார்?”

பாட்டில் மாடு வரவில்லை, அரசனுடைய தேர்க்குதிரைச் சத்தம் கேட்பதோடு முடிந்துவிடுகிறது என்றேன்.