இரண்டாவது விசை

பூந்தமல்லி ட்ரங்க் ரோட்டில் என் சம்பளக் கணக்கு இருக்கும் வங்கியின் வாசலில் ஒரு செக்யூரிட்டி உட்கார்ந்திருப்பார். அறுபதைத் தாண்டிய முன்னாள் ராணுவக்காரர். மடியில் இரட்டைக்குழல் துப்பாக்கி. குடையையோ டிபன் கேரியரையோ பார்ப்பதுபோல அதைப் பார்த்துவிட்டு பல வருடம் உள்ளே போயிருக்கிறேன். சென்ற மாதம் ஒருநாள் நின்று கேட்டேன்.

"சார், இதுல ஏன் ரெண்டு ட்ரிக்கர்?"

"ஒண்ணு போனா இன்னொண்ணு."

"இத சுட்டிருக்கீங்களா?"

"இதையா? இது சும்மா வச்சிருக்கறதுக்கு தம்பி."

கேட்டதற்குக் காரணம் உண்டு. பெரியப்பா இறந்தபின் அவருடைய துப்பாக்கியை போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்திருந்தார்கள். அது தாத்தாவிடமிருந்து அவருக்கு வந்தது. அண்ணன் வெளிநாட்டில் இருக்கிறார். வாட்ஸப்பில் நான்கு படம் அனுப்பி, "நீ எடுத்துக்கறியா? எனக்கு ஆட்சேபணை இல்லைன்னு எழுதித் தர்றேன். இல்லன்னா டீலர்கிட்ட குடுத்துடலாம்" என்றார். முதல் படத்திலேயே விழுந்துவிட்டேன். தேன் நிறத்தில் வால்நட் கட்டை. பக்கவாட்டு இரும்பில் கொடிகள், கொடிகளுக்கு நடுவே பறக்கும் இரண்டு பறவைகள். குழல்களுக்கு நடுவே ஓடும் பட்டியில் 'மெட்ராஸ்' என்று ஆங்கிலத்தில் பொறித்திருந்தது. அந்தக் காலத்தில் பர்மிங்காமில் செய்த துப்பாக்கிகளில் இங்குள்ள கடைகள் தங்கள் பெயரைப் பொறித்து விற்றன. மவுண்ட் ரோட்டில் கடிகாரத்துக்குப் பேர்போன பி. ஓர் அண்ட் சன்ஸ் துப்பாக்கியும் விற்ற கடைதான்.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் ராத்திரியெல்லாம் ஏலக் கேட்டலாக் படித்தேன். இந்தக் கட்டுரை அந்த வாசிப்பைப் பற்றியது. பழைய இரட்டைக்குழல் துப்பாக்கிகளைச் சேகரிப்பவர்களுக்கென்று ஒரு பெரிய எழுத்துலகம் இருக்கிறது. அதை இலக்கிய வகையாக யாரும் எண்ணுவதில்லை, ஆனால் அதற்கு மரபு உண்டு, நடை உண்டு, புராண புருஷர்கள் உண்டு. 1814இல் லண்டனில் கடை தொடங்கிய ஜேம்ஸ் பர்டி. 1875இல் வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் நிறுவனத்துக்காகக் காப்புரிமை வாங்கிய ஆன்சனும் டீலியும். அவர்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்த சுத்தியலை எடுத்து உள்ளே வைத்தார்கள். குழலை மடக்கினால் அதுவே சுத்தியலை இழுத்து வைத்துவிடும். தமிழில் அந்தச் சுத்தியலுக்குக் குதிரை என்று பெயர். குதிரையில்லாத துப்பாக்கி என்று எழுதிப் பார்த்தேன், ஏதோ சித்தர் பாட்டு மாதிரி இருந்தது.

இந்த எழுத்தின் நல்ல பக்கத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அதில் கவனம் இருக்கிறது. ஒரு மரக்கட்டையின் ரேகையை, திருகாணித் தலையில் வெட்டிய கோடு எந்தத் திசையில் நிற்கிறது என்பதை, இத்தனை அன்போடு பார்த்து எழுதும் மனிதர்கள் குறைவு. நம் ஊரில் நாவல் விமர்சனம் எழுதுகிறவர்களிடம் இதில் பாதி இருந்தால் போதும் என்றுகூடத் தோன்றியது.

ஆனால் ஐம்பது கேட்டலாக் தாண்டியதும் ஒன்று உறுத்த ஆரம்பித்தது. எதிலும் செத்த பறவை இல்லை. யார் வைத்திருந்தார், எந்த மகாராஜா ஆர்டர் கொடுத்தார், பெட்டிக்குள் சிவப்புத் துணியா பச்சைத் துணியா, எல்லாம் வருகிறது. குழலுக்கு முன்னால் நின்றது எது என்பது மட்டும் வருவதில்லை. இதை அறம் பேசும் ஆளாகச் சொல்லவில்லை. நான் மட்டன் சாப்பிடுகிறவன். என் புகார் விமர்சனம் சம்பந்தப்பட்டது. பறவையை விட்டுவிட்டால் அந்தத் துப்பாக்கியே புரியாது.

செக்யூரிட்டி சார் சொன்னது பாதி உண்மை. சர்வர் பராமரிக்கும் எங்களுக்குப் பழக்கமான ஏற்பாடு அது: ஒன்று விழுந்தால் இன்னொன்று நிற்கும். இரண்டு குழலுக்கும் தனித்தனி விசை, தனித்தனி சுத்தியல், தனித்தனி வில். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. வழக்கமான அமைப்பில் முன்விசை வலது குழலைச் சுடும். அதன் வாய் சற்றுத் திறந்தது, ரவை சீக்கிரம் விரியும், கிட்டத்தில் இருப்பதற்கானது. பின்விசை இடது குழலைச் சுடும். அதன் வாய் சற்று இறுகியது, ரவை சிதறாமல் அதிக தூரம் போகும். ஏன் இப்படி? முதல் வெடி தவறினால் பறவை அதற்குள் தூரம் போயிருக்கும். தப்பித்துப் போகும் பறவைக்காகவே செய்தது இரண்டாவது விசை. அந்த உயிரின் பயம், அதன் வேகம், அது கடக்கும் தூரம் எல்லாம் இரும்பில் அளந்து வைத்திருக்கிறது. ரெண்டு குழல்களையும் இணையாகக்கூட ஒட்டுவதில்லை, முனையை நோக்கி லேசாக நெருங்கும்படி ஒட்டுகிறார்கள். இரண்டு வெடியும் தூரத்தில் ஒரே இடத்தில் போய்ச் சேர வேண்டும். அந்த இடத்தில் ஏதோ ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் கொடியையும் பூவையும் வர்ணிப்பது, தாலாட்டைப் பற்றி எழுதிவிட்டுக் குழந்தையைச் சொல்லாமல் விடுவது மாதிரி.

இதற்கு நேர் எதிரான எழுத்து ஜிம் கார்பெட்டின் 'ஜங்கிள் லோர்' (1953). சிறுவன் கார்பெட்டுக்குக் கிடைத்த முதல் துப்பாக்கி, வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் பழைய இரட்டைக்குழல். வலது குழல் பிளந்துபோனது. குழலையும் கட்டையையும் பித்தளைக் கம்பி சுற்றிக் கட்டியிருந்தார்கள். எந்தச் சேகரிப்பாளரும் தொடமாட்டார். கார்பெட் அதை வர்ணிக்கும் பத்தியில் காதல் வழிகிறது, ஆனால் ஒரு குறையைக்கூட அவர் மறைப்பதில்லை. ஒரு குழல்தான் வேலை செய்யும் என்பதால் பையன் ரொம்பக் கிட்டே போக வேண்டும், காத்திருக்க வேண்டும், காட்டின் சத்தங்களைப் படிக்க வேண்டும். 'மேன் ஈட்டர்ஸ் ஆஃப் குமாவுன்' முன்னுரையில் அதே பையன் காட்டுக்கோழி தேடிப்போய் ஒரு புதரை எட்டிப் பார்க்கிறான். புதர் அசைகிறது, மறுபக்கம் புலி வெளியே வருகிறது, திரும்பி அவனைப் பார்க்கிறது, போய்விடுகிறது. கார்பெட்டின் உரைநடையில் எனக்குப் பிடித்த பொறுமை அந்தப் பிளந்த குழலிலிருந்து வந்தது என்று நினைக்கிறேன். இரண்டாவது வாய்ப்பு இல்லாதவன் முன்னால் நிற்பதை நன்றாகப் பார்த்தாக வேண்டும்.

தர்மபுரி, கிருஷ்ணகிரிக் காடுகளைப் பற்றி எழுதிய கென்னத் ஆண்டர்சனைப் பற்றி ஒரு வரி. அவருக்கும் தன் வின்செஸ்டர் ரைஃபிள் மேல் பிரியம் அதிகம், ஆனால் படித்து முடித்தபின் மனதில் நிற்பது ரைஃபிள் அல்ல, கூடவே நடந்த பைரா என்ற பூசாரி.

ஆர்வெல் 1936இல் எழுதிய 'ஷூட்டிங் அன் எலிஃபன்ட்' இன்னும் கறாரானது. கூட்டம் பார்த்துக்கொண்டிருக்கிறது, கேலிக்கு ஆளாகக் கூடாது என்பதற்காக மட்டும் யானையைச் சுடப்போகிறார். அந்த நேரத்தில் கையிலிருக்கும் ரைஃபிள் அழகான ஜெர்மன் தயாரிப்பு என்று போகிற போக்கில் சொல்கிறார். அழகை மறுக்கவில்லை, ஒரு வாக்கியம் கொடுக்கிறார். யானையின் சாவுக்குப் பக்கங்களைக் கொடுக்கிறார். அந்த விகிதம் சரியாக இருப்பதால்தான் அழகு என்ற சொல் அங்கே குத்துகிறது.

தமிழில் நாம் இரண்டு பக்கமும் போகவில்லை. நம் சினிமாவிலும் நிறையக் கதைகளிலும் இரட்டைக்குழல் என்றால் பண்ணையார் வீட்டுச் சுவர். புலித்தோல், மான் கொம்பு, நடுவில் துப்பாக்கி. வில்லன் என்று எழுதி ஒட்டுவதற்குப் பதில் அதை மாட்டிவிடுகிறார்கள். யாரும் அதை இறக்கிப் பார்ப்பதில்லை. அதற்கு எத்தனை விசை என்றுகூட எழுதியவருக்குத் தெரிந்திருக்காது. கேட்டலாக் எழுத்தாளர் இரும்பை மட்டும் பார்க்கிறார், நாம் இரும்பைப் பார்க்காமலே குறியீடு ஆக்கிவிடுகிறோம். எனக்கு ரெண்டுமே சோம்பலாகத்தான் தெரிகிறது. இப்படியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன், கட்டுரை இங்கேயே முடிந்திருக்க வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் அந்தப் படங்களைக் காட்டினேன். லைசென்ஸ் மாற்றிக்கொள்ளலாம், வெறும் அழகுக்குத்தான், சுடப்போவதில்லை என்றேன். அம்மா மல்லிக்கிள்ளை நிறுத்தாமல் படத்தைப் பார்த்தார்.

"இதுல என்ன சுட்டாரு தாத்தா?" என்று கேட்டேன். காட்டுப்பன்றி, கொக்கு என்று ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

"பன்னி சுட்டாரு. நான் கல்யாணமாகி வந்த வருஷம் கோடையில கிணத்துத் தகராறு வந்துச்சு. காலனிக்காரங்க நம்ம பம்ப்செட்ல தண்ணி புடிக்க வந்தாங்க. பொம்பளைங்கதான், கொடத்தோட. தாத்தா வரப்புல நின்னு மேல பாத்து சுட்டாரு."

"மேலதானே?"

"மேலதான். யார் மேலயும் படல. எல்லாம் கொடத்தப் போட்டுட்டு ஓடுனாங்க. ஓடும்போது இன்னொரு வாட்டி சுட்டாரு."

நான் ஒன்றும் கேட்கவில்லை. அம்மாவே சொன்னார்: "கொடம் ரொம்ப நாள் அங்கியே கெடந்துச்சு. எடுக்கக்கூட வரல."

முன்விசை ஒன்று, பின்விசை ஒன்று. அந்த அமைப்பைப் பற்றி இரண்டு மாதம் படித்து, படம் வரைந்து, ஆபீஸில் நண்பனுக்கு ஒயிட்போர்டில் விளக்கியும் இருக்கிறேன். பதினெட்டு வயது வரை எல்லா லீவுக்கும் அந்த வீட்டுக்குப் போயிருக்கிறேன், பம்ப்செட்டில் குளித்திருக்கிறேன். யாரும் இதைச் சொன்னதில்லை. எங்கள் குடும்பமும் நல்ல கேட்டலாக்தான் எழுதியிருக்கிறது.

அன்று ராத்திரி மறுபடி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இரும்பில் பொறித்த பறவைகள் இரண்டும் பறந்துகொண்டிருக்கவில்லை, தப்பித்துக்கொண்டிருக்கின்றன. கழுத்து நீண்டிருக்கிறது, ஒன்று லேசாகத் திரும்பிப் பார்க்கிறது. பொறித்தவர் நல்ல கலைஞர். அது இன்னமும் அழகாகத்தான் இருந்தது, அதுதான் எனக்குத் தொந்தரவு.

அண்ணனின் ஆட்சேபணையின்மைக் கடிதம் கூரியரில் வந்துவிட்டது, லேப்டாப் பையில் கிடக்கிறது. நேற்று மெசேஜ் போட்டிருந்தார்: டீலர் வெள்ளிக்கிழமை வரை காத்திருப்பாராம். நான் பதிலுக்கு, அந்தக் குடங்கள் யாருடையவை என்று பெரியம்மாவுக்குத் தெரியுமா, கேட்டுச் சொல் என்று எழுதினேன். நீல டிக் விழுந்திருக்கிறது.