பழைய அவதூறும் புதிய வாசகரும்

ஜோலார்பேட்டை சந்திப்பில் வண்டி மாறும் பயணிகளின் கைகளில், பழைய கொலைவழக்குகளைச் சுவைபடச் சொல்லும் நூல்களைக் காண்கிறோம். அவை விரும்பி எடுத்தாள்வது லட்சுமிகாந்தன் வழக்கு.

'சினிமா தூது', 'இந்துநேசன்' ஏடுகளில் திரைக்கலைஞர்களின் அந்தரங்கத்தை விற்ற லட்சுமிகாந்தன், 1944 நவம்பரில் சென்னை வேப்பேரியில் கத்தியால் குத்தப்பட்டு மறுநாள் இறந்தார். தியாகராஜ பாகவதரும் என்.எஸ்.கிருஷ்ணனும் ஆயுள் தண்டனை பெற்றனர். பிரிவி கவுன்சில் வழக்கைத் திருப்பியனுப்ப, 1947இல் உயர்நீதிமன்றம் இருவரையும் விடுவித்தது.

மறுகதைகள் பலவும் அத்தீர்ப்போடு அமைவதில்லை. தீர்ந்த ஐயத்தை மீண்டும் மூட்டுகின்றன. கொலையைக் கண்டிக்கும் அதே பக்கத்தில், கொலையுண்டவர் விற்ற வதந்திகளையே சுவைக்காகப் பரிமாறுகின்றன. அவதூறு கொலையை நியாயமாக்காது. கொலையும் அவதூறை உண்மையாக்காது.

கற்புடைய பெண்மீது பழி சுமத்துவோர் 4 சாட்சிகளைக் கொண்டுவர வேண்டும் என்பது திருமறையின் அந்நூர் அத்தியாயம் விதித்த நெறி. பிறர் குறைகளைத் துருவுவதையும் புறம்பேசுவதையும் அல்ஹுஜுராத் விலக்குகிறது. பழிக்கு ஆளானோர் மறைந்துவிட்டதால் இந்நெறி தளர்ந்துவிடுமா? பழைய ஏடுகளை ஐயத்தோடு ஆராய்வது வரலாற்றுப் பணி. அவற்றின் வதந்திகளைச் சான்றென்று காட்டி விற்பதோ, லட்சுமிகாந்தன் நடத்திய அதே வணிகத்தின் தொடர்ச்சி என்றே நாம் கருதுகிறோம்.