மலைவழியும் வழிச்சொல்லும்: செண்பகத்தோப்பு வழிகாட்டு நடைகளை ஆற்றுப்படை நோக்கில் மதிப்பிடல்

ஆய்வுச்சுருக்கம்

காட்டுக்குள் பிறரை அழைத்துச் செல்லும் செயல் இன்று சூழல்சுற்றுலா என்னும் பெயரில் நிறுவனமயமாகியுள்ளது. திருவில்லிபுத்தூரை அடுத்த செண்பகத்தோப்பு இதற்குத் தக்க களமாகும். வழி சொல்பவன், வழி நடப்பவன், மலையில் வாழ்பவன் ஆகிய மூவருக்கும் இடையிலான உறவை மலைபடுகடாம் எவ்வாறு அமைத்தது, இன்றைய வழிகாட்டு நடைகள் எவ்வாறு அமைக்கின்றன என்பதை இக்கட்டுரை ஒப்பிட்டு மதிப்பிடுகிறது. பளியரின் அறிவுமரபு வழிகாட்டியின் ‘விளக்கவுரை’ என்னும் வடிவத்துக்குள் அடங்குமா என்பதே இதன் மைய வினா.

திறவுச்சொற்கள்: ஆற்றுப்படை, மலைபடுகடாம், செண்பகத்தோப்பு, பளியர், மலையேற்றம், சூழல்சுற்றுலா

முன்னுரை

திருவில்லிபுத்தூரின் தோற்றத்தைக் கூறும் வழக்காறு ஒரு காட்டு நடையில் தொடங்குகிறது. வில்லி, கண்டன் என்னும் உடன்பிறந்தார் வேட்டைக்குச் செல்கின்றனர். கண்டன் புலியால் மாய்கிறான். அவனைத் தேடிய வில்லி காட்டினுள் இறைவனின் இருப்பிடத்தை அறிந்து ஊரை உண்டாக்குகிறான். புலி திரிந்த காடு ஊரானது என்பது இக்கதையின் போக்கு. இப்பகுதியின் அண்மைக்கால வரலாறு எதிர்த்திசையில் நகர்ந்துள்ளது. 1988ஆம் ஆண்டு இம்மலைப்பகுதி சாம்பல் நிற அணில்களுக்கான சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2021ஆம் ஆண்டு அது மேகமலையுடன் இணைக்கப்பட்டு, நாட்டின் 51ஆவது புலிகள் காப்பகமாயிற்று. ஊர் தன் எல்லையில் புலிக்குரிய இடத்தைச் சட்டத்தின்வழி மீண்டும் ஒதுக்கியிருக்கிறது.

இக்காட்டுக்குள் நுழையும் வாயில்களுள் ஒன்று செண்பகத்தோப்பு. மலையடிவார மாந்தோப்புகளும் தென்னந்தோப்புகளும் காட்டோடு கலக்கும் இடம் அது. காட்டழகர் கோயிலுக்கும் மீன்வெட்டிப்பாறை அருவிக்கும் செல்வோர் இவ்வழியே நடக்கின்றனர். பளியர் குடியிருப்பும் இங்கு உள்ளது. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தின் 40 மலையேற்ற வழிகளில் செண்பகத்தோப்பு–புதுப்பட்டி வழியும் ஒன்றாகும். உள்ளூர் மக்களுக்குப் பயிற்சி தந்து அவர்களையே வழிகாட்டிகளாக அமர்த்துவது இத்திட்டத்தின் அடிப்படைக் கூறு.

இத்திட்டத்துக்குப் பின்னால் ஒரு பேரிழப்பு உண்டு. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் மூண்ட காட்டுத்தீயில் மலையேற்றத்துக்குச் சென்றிருந்த 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதே ஆண்டு மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகளை அரசு வகுத்தது. ஆகவே வழிகாட்டி என்பவர் பயண வசதிக்காக அமர்த்தப்படும் துணைவர் மட்டுமல்லர். உயிர்க்காப்பு ஏற்பாட்டின் ஓர் உறுப்பும் ஆவார். அவர் என்ன சொல்கிறார், எதைச் சொல்லாமல் விடுகிறார் என்பது ஆய்வுக்குரிய பொருளாவதன் காரணம் இதுவே.

ஆற்றுப்படையில் வழி சொல்பவன்

ஆற்றுப்படையைப் பொதுவாகப் புரவலன் புகழ் பாடும் இலக்கியமாகவே வகுப்பறைகள் அறிமுகப்படுத்துகின்றன. தொல்காப்பியப் புறத்திணையியல் கூத்தர், பாணர், பொருநர், விறலி ஆகியோரைச் சுட்டி இத்துறையை வரையறுக்கும் இடத்திலும், பெற்ற வளத்தைப் பெறாதவர்க்கு அறிவுறுத்தலே முதன்மை பெறுகிறது. ஆயினும் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனாரின் மலைபடுகடாம், தன் 583 அடிகளில் கணிசமான பகுதியை வழிக்கே செலவிடுகிறது. செங்கண்மாவின் நன்னனைப் பற்றிய புகழுரையைத் தனியே பிரித்தெடுத்தாலும் எஞ்சுவது ஒரு முழுமையான மலைவழிக் குறிப்பு. பத்துப்பாட்டின் பிற ஆற்றுப்படைகளில் இந்த அளவுக்கு இடர் உணர்ந்த வழிச்சொல் இல்லை.

கௌசிகனார் காட்சிகளை மட்டும் அடுக்கிச் செல்லவில்லை. பன்றிக்கு வைத்த பொறிகள் வழியில் மறைந்திருக்கும்; பாம்பு உறையும் குழிகள் உண்டு; தினைப்புனம் காப்போர் யானையை விரட்ட எறியும் கவண்கல் வழிப்போக்கர் மீதும் விழக்கூடும்; நீர்க்கரைகள் வழுக்கும், கொடிகளைப் பற்றி நடக்க வேண்டும். இவ்வாறு ஒவ்வோர் இடரும் அதற்குரிய நடைமுறையோடு கூறப்படுகிறது. காணத்தக்கவை மலையில் பல உள்ளன, அவற்றில் மனம் தோய்ந்து வழி தவறிவிட வேண்டாம் என்னும் எச்சரிக்கையும் உண்டு. காட்சியே இடராகலாம் என்று ஒரு வழிநூல் சொல்வது இன்றைய சுற்றுலா மொழிக்கு முற்றிலும் அயலானது.

இடர் பற்றிய இப்பகுதியில் கூர்ந்து நோக்கத்தக்க ஓர் இடம் வழிதவறியோர்க்குரிய அறிவுரை. திசை மயங்கினால் அலைய வேண்டாம், ஓரிடத்தில் இருந்து உங்கள் இசைக்கருவிகளை இயக்குங்கள், அவ்வொலி கேட்டுப் புனங்காக்கும் கானவர் வந்து உதவுவர் என்பது அதன் சாரம். மலையில் வாழ்பவர் இங்கு எவ்வாறு தோன்றுகிறார்? அவர் அழைத்துச் செல்வதற்கென முன்கூட்டி அமர்த்தப்பட்டவர் அல்லர். தம் வேலையில் இருப்பவர். அயலாரின் ஒலி கேட்டுத் தம் விருப்பில் வருபவர். வழி சொல்பவனோ அம்மலையில் வாழ்பவன் அல்லன். அவ்வழியே ஒருமுறை போய் மீண்ட மற்றொரு கலைஞன். ஆக, வழிச்சொல்லின் உரிமை பயணிக்கும், மலையின் உரிமை கானவர்க்கும் எனப் பிரிந்து நிற்கிறது. கானவர் விருந்தோம்புகின்றனர், தினையும் கிழங்கும் தருகின்றனர். ஆனால் மலையை விளக்கிச் சொல்லும் கடமை அவர்கள்மீது சுமத்தப்படவில்லை.

இதைக்கொண்டு சங்கக் காலத்தை ஒரு பொற்கால ஒப்புரவாகக் காட்டிவிட முடியாது. அக்கானவருள் ஒருவருக்கும் பெயர் இல்லை. மலை முழுவதும் நன்னனின் வாயிலுக்கு இட்டுச்செல்லும் இடைவெளியாகவே இறுதியில் நிற்கிறது. சூழலியல் வாசிப்பு என்னும் பெயரில் அண்மைக்காலத்தில் வெளிவரும் கட்டுரைகள் பல இப்புரவலன் சட்டகத்தைக் கண்டும் காணாமல் கடந்துவிடுகின்றன. விலங்கின் பெயரையும் மரத்தின் பெயரையும் எண்ணிக் கூறுவதோடு அவற்றின் பணி முடிந்துவிடுகிறது.

அணிலுக்கு இட்ட பெயர்

செண்பகத்தோப்புக்கு வருவோர் பலரும் காண விரும்புவது சரணாலயத்துக்குப் பெயர் தந்த அணில். இதன் அறிவியல் பெயர் ரட்டூஃபா மாக்ரூரா. இரண்டாம் சொல் வாலின் நீளத்தைச் சுட்டுவது. ஆங்கிலப் பெயர் மயிர்நுனியில் வெண்மை ஓடிய தன்மையைச் சுட்டுகிறது. அதற்கு நேரான தமிழ்ச் சொல் ‘நரை’. அரசு ஆவணங்களோ ‘சாம்பல் நிற அணில்’ என்கின்றன. சாம்பல் ஒரே சீரான நிறம். நரை கருமையினூடே கலந்து தோன்றுவது. மரக்கிளையில் அவ்விலங்கைக் கண்டவர்க்கு எது பொருத்தம் என்பதில் ஐயம் எழாது. ‘நரைத்த மலை அணில்’ என்னும் வழக்கு இயற்கை ஆர்வலரிடையே இருந்தும், பெயர்ப்பலகைக்கு ஏறியது சாம்பலே.

இது வெறும் சொற்பூசல் அன்று. ‘வனவிலங்கு’ என்பதற்கு மாறாகக் ‘காட்டுயிர்’ என்னும் சொல்லைச் சு. தியடோர் பாஸ்கரன் வலியுறுத்தி வந்ததற்கும் இதே காரணம் உண்டு: பெயர் பார்வையைத் தீர்மானிக்கிறது. மா. கிருஷ்ணனின் தமிழ்க் கட்டுரைகள் ஒரு பறவையை அல்லது விலங்கை அதன் நடத்தையால் அறிமுகப்படுத்துவதும் இங்கு நினைக்கத்தக்கது. வழிகாட்டு நடையின் மொழி இந்த உரைநடை மரபிலிருந்து கற்றிருக்க வேண்டும். அதற்கு மாறாக, அது பெரும்பாலும் உயிரினப் பட்டியலின் மொழியாகவே உள்ளது.

பட்டியல் தவறவிடும் செய்தி ஒன்று செண்பகத்தோப்பில் கண்ணெதிரே உள்ளது. இவ்வணில் மரத்துக்கு மரம் தாவி வாழ்வது. தொடர்ந்த விதானம் அதற்கு இன்றியமையாதது. மலையடிவாரத்தில் அத்தொடர்ச்சியின் ஒரு பகுதியைத் தருபவை தனியாருக்குரிய மா, புளித் தோப்புகள். காண்பவர்க்கு அது அரிய உயிர். தோப்புக்காரர்க்குக் காய்களைக் கடிக்கும் விலங்கு. குறுந்தொகையின் ‘அணிலாடு முன்றில்’ மக்கள் நீங்கிய வீட்டின் வெறுமையைக் காட்டும் உவமையாகி, புலவர்க்கே பெயரானது. அங்கே மனிதர் இல்லாததற்கு அணில் சான்று. செண்பகத்தோப்பின் அணில், மனிதர் மரம் வைத்துப் பேணியதற்குச் சான்று. காப்பகத்தின் எல்லைக்கோட்டுக்கு உள்ளே மட்டும் இயற்கையைத் தேடும் நடைவழி இந்த உண்மையைச் சொல்லாமலே தோப்பைக் கடந்து போய்விடுகிறது.

பேசாத வழிகாட்டி

மானிடவியலாளர் பீட்டர் கார்ட்னர் 1960களின் தொடக்கத்தில் தென்தமிழக மலையடிவாரப் பளியரிடையே தங்கி ஆய்வு செய்தார். 1966இல் வெளியான அவரது கட்டுரை இரண்டு கருத்துகளால் அறியப்படுவது. ஒருவர்மீது ஒருவர் அதிகாரம் செலுத்தாமை, போட்டியைத் தவிர்த்தல் ஆகியவற்றைக் கொண்ட சமமான மதிப்பு முதலாவது. அறிவு என்பது பொதுவான பாடமாகத் தொகுக்கப்படாமல் அவரவர் பட்டறிவின் நினைவாக நிலைப்பது இரண்டாவது. இதனால் ஒரே உயிரினத்துக்கு ஒருவர் சொல்லும் பெயரை மற்றவர் சொல்லாதிருக்கலாம். அவ்வேறுபாட்டைத் தீர்க்க வேண்டிய தேவையும் அவர்களுக்கு இல்லை. மிகக் குறைவாகப் பேசும் மக்கள் என்றும், அகவை முதிர முதிர ஏறக்குறைய மௌனமாகிவிடுவர் என்றும் கார்ட்னர் எழுதினார்.

இக்கூற்றை அப்படியே ஏற்பதில் இடர் உண்டு. அயலாரிடம் காட்டும் மௌனத்தைத் தமக்குள் காட்டும் மௌனமாகக் கொள்வது எளிதில் நேரக்கூடிய பிழை. சமவெளி மக்களின் அடக்குமுறைக்கு எதிரான ஒதுக்கமும் அதில் கலந்திருக்கும். கார்ட்னரே தம் பிற்கால நூலில், பளியர் சமவெளியோடும் காட்டோடும் இருவேறு வகையில் பழகும் திறனைப் பேசுகிறார். இத்திருத்தங்களை ஏற்ற பின்னும் அடிப்படையான முரண் நீங்கவில்லை. வழிகாட்டு நடை எதிர்பார்க்கும் வழிகாட்டி பேச வேண்டியவர். குழுவின் முன் நின்று, ஒரு மரத்துக்கு ஒரே பெயரும் ஒரே பயனும் உறுதியாகக் கூற வேண்டியவர். இவ்வடிவம் பள்ளி ஆசிரியரின் வடிவம். பட்டறிவைத் தன்னுடையதாக மட்டும் கருதி, பிறர் அறிவைத் திருத்த முனையாத ஒருவருக்கு இது ஊதியத்தோடு வரும் பண்பாட்டு மாற்றம்.

உலகின் பிற பகுதிகளில் இம்மாற்றம் கடுமையான வடிவம் எடுத்ததுண்டு. உகாண்டாவின் புவிண்டிக் காட்டில் 1991இல் தேசியப் பூங்கா அமைந்தபோது அங்கு வாழ்ந்த பட்வா மக்கள் வெளியேற்றப்பட்டனர். இன்று கொரில்லாவைக் காண உலகெங்கிலுமிருந்து வருவோர்க்கு நேரமும் குழு அளவும் வரையறுத்து நடைகள் நடத்தப்படுகின்றன. பட்வா மக்களோ தாம் இழந்த காட்டு வாழ்வை நடித்துக் காட்டும் சுற்றுலாக்களில் பங்கேற்கின்றனர். செண்பகத்தோப்பு அந்நிலையில் இல்லை. ஆனால் வாழ்வு காட்சியாக மாறும் போக்கு எங்கும் ஒரே நாளில் நிகழ்வதன்று.

மாற்று எடுத்துக்காட்டு மலைமுகட்டுக்கு மறுபுறமே உள்ளது. பெரியாறு காப்பகத்தில் வயனப் பட்டையைத் திருட்டாக உரித்து வந்தோர், 1990களின் சூழல்மேம்பாட்டுத் திட்டத்தின்வழி வழிகாட்டிகளாகவும் காவலராகவும் மாறினர். அம்முயற்சியின் வலிமை, அவர்களிடம் முன்பே இருந்த அறிவைப் பயன்படுத்தியதில் உள்ளது. தடம் பார்த்தல், ஓசையின்றி நடத்தல், இரவில் காட்டில் தங்குதல் ஆகியவை அவர்கள் கற்பிக்கப்பட்டுப் பெற்றவை அல்ல. குரங்கணிக்குப் பிந்தைய சூழலிலும் தேவைப்படுவது இத்திறனே. காற்றின் திசை மாறியதை உணர்ந்து குழுவைத் திருப்பி அழைத்து வருபவர் செடியின் தாவரவியல் பெயரை அறியாதிருக்கலாம். பயிற்சியும் மதிப்பீடும் சொல்வன்மையை அளந்தால் அத்தகையவர் பின்தள்ளப்பட்டு, நன்றாகப் பேசும் சமவெளி இளைஞர் முன்வரிசைக்கு வருவார்.

அடியார் நடை

சுற்றுலா நடைக்கு முன்பே இம்மலையில் கூட்ட நடை இருந்தது. தாணிப்பாறை வழியே சதுரகிரிக்கு ஆடி அமாவாசையில் செல்லும் பெருந்திரளும், காட்டழகரைக் காணச் செல்வோரும் அதற்குச் சான்று. அடியார்க்கு விலங்கு தென்பட வேண்டிய தேவை இல்லை. அதனால் ‘இன்று எதுவும் காணக் கிடைக்கவில்லை’ என்னும் ஏமாற்றமும் இல்லை. வழியின் தெய்வங்கள் அவர்க்கு வழிக்குறிகள். இவ்வகையில் அவர்கள் திருமுருகாற்றுப்படையின் வழிவந்தோர். ஆயினும் எண்ணிக்கையால் காட்டுக்கு அவர்கள் தரும் அழுத்தம் சிறு குழுக்களைவிடப் பன்மடங்கு. 2015 மே மாதம் சதுரகிரியில் திடீர் வெள்ளம் பக்தர்களின் உயிரைப் பறித்த பின்னர்க் கட்டுப்பாடுகள் இறுகின. பக்திக்குத் தளர்வும் சுற்றுலாவுக்கு விதியும் என்னும் பழைய பாகுபாட்டை மலை ஏற்பதில்லை.

பாடவேறுபாடாகக் கொள்ளல்

செண்பகத்தோப்பு நடைக்கென ஒரு தமிழ் வழிநூல் எழுதப்படுமாயின் அதற்குரிய முறைமை தமிழ்ப் பதிப்பு மரபிலேயே உள்ளது. 1889இல் உ.வே. சாமிநாதையர் நச்சினார்க்கினியர் உரையுடன் பத்துப்பாட்டைப் பதிப்பித்தார். ஏடுகள் ஒன்றோடொன்று மாறுபடும்போது மாறுபட்ட பாடங்களையும் குறித்துக் காப்பதை அவரது பதிப்புப் பணி வழக்கமாக்கியது. எந்த ஏடும் பொய்யென ஒதுக்கப்படவில்லை. ஒரு பறவைக்குப் பளியர் மூவர் மூன்று பெயர் சொன்னால், கள ஆய்வாளர் அவற்றுள் ‘சரியான’ ஒன்றைத் தேர்ந்து மற்றவற்றை விடுவதே இன்றைய நடைமுறை. மூன்றையும் பாடவேறுபாடாகக் கொண்டு, சொன்னவர் எவ்விடத்தில் எச்செயலில் அப்பறவையைக் கண்டார் என்பதோடு சேர்த்துப் பதியலாம். சொன்னவர் இசைந்தால் அவர் பெயரும் உடன் நிற்க வேண்டும். மலைபடுகடாத்தின் கானவர்க்குக் கிடைக்காதது அது. சொல்ல விரும்பாதவர் முன்னே நடக்கட்டும். அவர் கால் வைத்த இடத்தில் குழுவினர் கால் வைத்துச் செல்வதும் வழிகாட்டலே.